கழிவு போக

காலை ஐந்தேமுக்காலுக்குக் குழாயைத் திறந்தால் முதலில் ஓர் ஏப்பம் வரும். பிறகு கொஞ்சம் காற்று. அதற்கும் பிறகு, தண்ணீர் என்ற பெயரில் ஒன்று வரும். கண்ணுக்கு அது அவ்வளவு மோசமில்லை. லேசான கலங்கல், அவ்வளவுதான். குடத்தின் மேல் குனிந்தவனுக்குத்தான் சேதி தெரியும். கழுவாத கழிப்பறையும் செத்த எலியும் கூட்டுச் சேர்ந்து கடை போட்டதுபோல ஒரு நாற்றம். அதில் குளித்தவர் நாறினார். துவைத்த துணி நாறியது. வாய் கொப்பளித்தால் அதுவரை பல் தேய்த்த புண்ணியமெல்லாம் போயிற்று.

குழாயின் கழுத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. அதில் ஒரு சின்னத் திரை, ஒரு விளக்கு. திரையில் எப்போதும் 0.0. விளக்கு எப்போதும் பச்சை. நீர் அறிவியல் ஆணையம் மூன்று வருடத்துக்கு முன் வீட்டுக்கு வீடு மாட்டிவிட்டுப் போன மின்மூக்கு அது. சுழி என்றால் மாசு இல்லை, நூறு என்றால் விஷம். ஊரில் நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் மின்மூக்குகள் இருந்தன. நாள்தோறும் அத்தனையும் சுழி காட்டின. உலகத்தில் இப்படி ஓர் ஊர் இல்லை என்று வெளிநாட்டுக் குழுக்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. வந்தவர்கள் பார்த்தார்கள், யாரும் மோந்து பார்க்கவில்லை.

இந்த ஊரில் தராசு பழுது பார்க்கிற ஒருவர் இருந்தார். கடைகளில் வைத்திருக்கும் எலக்ட்ரானிக் தராசு பொய் சொல்ல ஆரம்பித்தால் கழற்றித் துடைத்து, எடைக்கல் வைத்துச் சரிபார்த்து, மறுபடி உண்மை பேச வைத்துக் கொடுப்பார். தெரு அவரைத் தராசுக்காரர் என்றுதான் கூப்பிட்டது. குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். அதனால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவரை உட்காரச் சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் பேச வேண்டியதை எல்லாம் டீச்சரே பேசிவிடுவார்.

டீச்சருக்கு ஒரே வருடத்தில் இரண்டாவது தடவையாக மஞ்சள் காமாலை வந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகி, நகம் மஞ்சளாகி, படுக்கையில் சுருண்டு கிடந்தார். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தராசுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை வந்தா இந்த ஈரல் தாங்காதுங்க. மருந்து கிடக்கட்டும். நல்ல தண்ணி குடுங்க."

எங்கே கிடைக்கும் என்று தராசுக்காரர் கேட்டார். டாக்டர் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

கேன் தண்ணீர் வாங்கலாமே என்பீர்கள். கேன்காரரின் தொட்டியிலும் ஆணையம் ஒரு மின்மூக்கை மாட்டியது. அது தொண்ணூற்றொன்று காட்டியது. அன்று சாயங்காலமே கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். காய்ச்சிக் குடிக்கலாமே என்பீர்கள். காய்ச்சினால் நாற்றம் ஆவியாகி வீடு முழுக்கக் குடியேறியது; டீச்சர் அதைக் குடித்த வேகத்தில் வாந்தி எடுத்தார். கிருமி செத்திருக்கலாம், ஆனால் அது செத்த இடமும் அந்தத் தண்ணீர்தானே. அதுவுமன்றிப் பள்ளிக்கூடத்தில் யார் காய்ச்சித் தரப்போகிறார்கள்? வேறு ஊருக்குப் போகலாமே என்பீர்கள். ஆணையமும் அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

மற்ற தெருக்களைப் போலவே இந்தத் தெருமுனையிலும் சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் அக்கா தங்கைபோல ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. எங்கோ ஓர் இடத்தில் உடைந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. நாலடி தோண்டினால் தெரிந்துவிடும். தோண்டச் சொல்லலாம் என்று தராசுக்காரர் ஆணையத்துக்குப் போனார். பெரிய கட்டடம், கண்ணாடிச் சுவர், குளிரூட்டிய கூடம். கூடத்தின் நடுவில் ஒரு செயற்கை நீரூற்று பொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலிகளில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

முகப்பில் இருந்த பெண் ஒரு படிவம் கொடுத்தாள். 'குறையின் தன்மை' என்ற இடத்தில் தராசுக்காரர் 'நாற்றம்' என்று எழுதினார். அவள் அதைப் படித்துவிட்டு, தெரியாமல் கெட்ட வார்த்தை எழுதிவிட்ட பெரியவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நாற்றம் என்பது அறிவியல் சொல் இல்லையாம். 'புலன்சார் மாறுபாட்டு உணர்வு' என்று எழுத வேண்டுமாம். அவர் அடித்துவிட்டு எழுதினார்.

"இது எந்தக் கருவியில தெரிஞ்சுதுங்க?"

"மூக்குலம்மா."

"மின்மூக்குலயா?"

"இல்லம்மா. இந்த மூக்குல."

அவள் அவருடைய மூக்கைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தாள். "இது பதிவு பண்ணின கருவியா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டார். பதிவு செய்யாத கருவியின் அளவை ஏற்றுக்கொள்ள விதியில் இடமில்லை என்றும், இரண்டாம் மாடியில் மூக்கு அளவுத்திருத்தப் பிரிவு இருக்கிறது என்றும், அங்கே சோதித்துச் சான்று வாங்கி வந்தால் படிவத்தை வாங்கிக்கொள்வதாகவும் அவள் மரியாதையாகவே சொன்னாள்.

இரண்டாம் மாடியில் மூன்று புட்டிகளை வைத்து மோந்து பார்க்கச் சொன்னார்கள். முதல் புட்டி நாறியது. இரண்டாவது அதைவிட நாறியது. மூன்றாவதை மோந்ததும் கண்ணில் நீர் வந்தது. மூன்றும் நாறுகின்றன என்றார். சோதித்தவர் விடைத்தாளைப் பார்த்தார். மூன்றும் சுழி. மூன்றும் ஆணையத்தின் குழாயிலிருந்து அன்று காலை பிடித்தவை. தராசுக்காரரின் மூக்குக்கு ஓர் எண் கொடுத்து, சான்றிதழில் 'அளவுப்பிழை நூறு விழுக்காடு. பயன்பாட்டுக்கு உகந்ததன்று' என்று அச்சடித்து, கீழே முத்திரை குத்தினார்கள். சுவாசிக்கலாமா என்று கேட்டார். சுவாசிக்கத் தடையில்லை என்றார்கள்.

பிழையுள்ள மூக்குக்காரர்களுக்கு மூன்று நாள் பயிற்சி உண்டு. போகாவிட்டால் புகார் தள்ளுபடி. ஆகவே தராசுக்காரர் போனார். வகுப்பில் நாற்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சியாளர் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். குரலில் தேன் ஒழுகியது.

"காலையில சூரியன் உதிக்கிறதை நீங்க எல்லாரும் கண்ணால பாக்குறீங்க. உதிக்குதா? இல்ல. பூமிதான் சுத்துது. பூமி தட்டையாத் தெரியுது. தட்டையா? இல்ல. உங்க கண்ணு இத்தனை ஆயிரம் வருஷமா உங்களை ஏமாத்தியிருக்கு. உங்க மூக்கு மட்டும் என்ன யோக்கியமா? தண்ணி நாறுறதாத் தெரியுது. நாறுதா?"

இல்லை என்று சொல்ல வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். அறிவியல் மனிதனுக்குக் கொடுத்த பெரிய பரிசே சந்தேகம்தான் என்றார். எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும், மின்மூக்கைத் தவிர. பிறகு எல்லோரும் எழுந்து நின்று, 'நான் முகரவில்லை, முகர்வதாக எண்ணுகிறேன்' என்று மூன்று முறை சொன்னார்கள்.

பின்வரிசையில் இருந்த ஒரு பெண், தன் குழந்தைக்கு நான்கு நாளாக வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, அதுவும் எண்ணம்தானா என்று கேட்டாள். பயிற்சியாளர் கனிவாகச் சிரித்தார்.

"ஒரு குழந்தை புள்ளிவிவரம் ஆகாதும்மா."

"எத்தனை குழந்தை சார் வேணும்?"

பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, தேநீர் இடைவேளை என்றார். தேநீர்க் கோப்பையை ஆட்டியபடி பிஸ்கட்டைத் தேடிப் போனார். வாழ்க்கையில் யாரையும் அருவருத்துப் பழக்கமில்லாத தராசுக்காரர், அன்று ஒரு படித்த மனிதரை அருவருத்தார். மூன்றாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். புகார் படிவத்தையும் வாங்கிக்கொண்டார்கள். சுழி காட்டும் தெருவில் தோண்டுவதற்குத் தேவை எழவில்லை என்று பத்து நாளில் பதில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தார். சகலை என்றால் டீச்சரின் அக்கா வீட்டுக்காரர். ஆணையத்தில் தொழில்நுட்பப் பிரிவில் வேலை. நல்ல மனிதர், ஆனால் வேலை போய்விடுமோ என்ற பயத்தைச் சட்டைப் பையில் பேனா மாதிரி எப்போதும் குத்திக்கொண்டு திரிகிறவர். மைத்துனியின் கண்ணைப் பார்த்தார். கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். மின்மூக்குக்கு எது சுழி என்று முதலில் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குச் சுத்தமான வடிநீரில் அதை முக்கி ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். வடிநீர் வாங்க ஒரு குழு போட்டார்கள். 'சுத்தம்' என்பதற்கு என்ன வரையறை என்று குழு ஏழு மாதம் விவாதித்தது. அதற்குள் திறப்பு விழா வந்துவிட்டது. பந்தல் போட்டாயிற்று, வாத்தியம் வந்தாயிற்று, வடிநீர் வரவில்லை. இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். தண்ணீர் தண்ணீர்தானே, குழாயில் பிடியுங்கள் என்றார். சகலை பிடித்தார். தலைமை மூக்கை அதில் முக்கினார். பொத்தானை அமுக்கினார். அங்கிருந்து நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் மூக்குகளுக்கும் அந்தச் சுழி காற்றுவழியே போய்ச் சேர்ந்தது.

"அந்தத் தண்ணி அன்னிக்கே நாறிச்சு சகலை. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் அமுக்கினேன். என் பேரு வெளியில வந்துடக் கூடாது. ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

தராசுக்காரர் உள்ளே போய், பழுதுக்கு வந்திருந்த ஒரு தராசை எடுத்துவந்து கட்டில் பக்கத்தில் வைத்தார். அதன்மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை வைத்தார். இருநூறு கிராம் காட்டியது. ஓரத்தில் இருந்த ஒரு பொத்தானை அமுக்கினார். கிண்ணம் அங்கேயே இருந்தது, எண் மட்டும் சுழியாகிவிட்டது.

டீச்சர் படுத்தபடியே பார்த்துவிட்டுப் பல நாளைக்குப் பிறகு சிரித்தார். "கிண்ணம் எங்கேங்க போச்சு?"

"இங்கேதான் இருக்கு. கணக்குலதான் இல்ல."

தராசுத் தொழிலில் இதற்குக் கழிவு என்று பெயர். பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டுச் சரக்கை மட்டும் நிறுக்கிற ஏற்பாடு. எண்ணெய்க் கடையில் டின்னுக்குக் கழிவு, சர்க்கரைக்குச் சாக்குக் கழிவு. கழிவு போக மீதிதான் சரக்கு. யோக்கியமான ஏற்பாடுதான். ஆணையமும் இதைத்தான் செய்திருந்தது, பாத்திரத்துக்குப் பதில் சாக்கடையை வைத்து.

அப்படியென்றால் நல்ல தண்ணீரை ஊற்றினால் என்ன காட்டும் என்று டீச்சர் கேட்டார். கணக்கு டீச்சர் அல்லவா. தராசுக்காரர் போய் பேட்டரிக்கு ஊற்றுகிற வடிநீர் ஒரு புட்டி வாங்கிவந்து, குழாயிலிருந்து மின்மூக்கைக் கழற்றி அதில் முக்கினார். தொண்ணூற்று மூன்று. விளக்கு சிவந்தது. பெட்டி மிதிபட்ட பூனைபோல வீறிட்டது. சகலை அதைப் பிடுங்கித் துண்டால் சுற்றி அமுக்குவதற்குள் நாற்பது வினாடி கத்திவிட்டது. கேன்காரர் கடைக்கு ஏன் சீல் விழுந்தது என்பது அப்போதுதான் மூவருக்கும் விளங்கியது.

அது மழைக்காலம். மறுநாளே தராசுக்காரர் மொட்டை மாடியில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் ட்ரம்மைக் கழுவி வைத்து, மேலே வெள்ளைத் துணியைக் கட்டினார். டீச்சர் மழையைக் குடிக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்துக்கும் புட்டியில் மழையைத்தான் கொண்டுபோனார். முதல் வாரம் வாந்தி நின்றது. மூன்றாம் வாரம் பசி வந்தது. ஐந்தாம் வாரம் கண்ணாடியின் முன்னால் நின்று கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளையாகிவிட்டது என்று அவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் பார்த்தார். ஒரு டம்ளர் மழையை எடுத்து அவரும் குடித்தார்.

மின்மூக்கு வீறிட்டால் ஆணையத்தின் அவசரப்படை பாய்ந்து வரும் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். பாய்ந்து வந்தது, நாற்பத்தோராம் நாள். தலை முதல் கால்வரை மூடிய வெள்ளை உடையில் ஆறு பேர் வண்டியிலிருந்து குதித்தார்கள். விஷம் எங்கே என்று கேட்டார்கள். சமையலறையில் தேடி, கட்டிலுக்கடியில் தேடி, கடைசியில் மாடிக்கு ஏறி ட்ரம்மைக் கண்டுபிடித்தார்கள். மூக்கை விட்டுப் பார்த்தால் தொண்ணூற்று நான்கு. படைத்தலைவர் இரண்டடி பின்வாங்கினார். இதை யாராவது குடித்தீர்களா என்று கேட்டார். ஆறு வாரமாகக் குடிக்கிறேன், பார்த்தால் தெரியவில்லையா என்றார் டீச்சர். படைத்தலைவர் அவசரமாகக் குறித்துக்கொண்டார். ட்ரம்மைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டிவிட்டு, தராசுக்காரர் இயக்குநர் முன்னால் விசாரணைக்கு வர வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார்கள்.

இயக்குநரின் அறையில் மேசை ஒரு சின்ன மைதானம் அளவுக்கு இருந்தது. அதன்மேல் ஒரு கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர். அறையில் ஊதுவத்தி, வாசனைத் தெளிப்பான், ஒரு கூடை பூ எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் தாண்டிக் குவளை தன் இருப்பைத் தெரிவித்தது. தராசுக்காரர் சகலையின் பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் இந்த முறை எழுந்து நின்று சொன்னார். இயக்குநர் கோபப்படவில்லை. ரசித்துக் கேட்டார்.

"நீங்க தராசுக்காரர். உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. அளவுன்னா என்ன? எதோட ஒப்பிடுறோம்கிறதுதான். நாங்க நம்ம மக்கள் குடிக்கிற தண்ணியோட ஒப்பிடுறோம். வேற எங்கயோ இருக்கிற சுத்தமான தண்ணியோட ஒப்பிட்டா அது நம்ம மக்களுக்கு அவமானம் இல்லையா?"

மூன்று வருடத்தில் நாற்பத்தைந்து கோடி அளவுகள் எடுத்திருப்பதாகவும், எல்லாம் சுழி என்றும், அதை வைத்து நூற்றுப்பதினேழு ஆய்வுக் கட்டுரைகள் வந்திருப்பதாகவும் சொன்னார். இப்போது சுழியை மாற்றினால் அத்தனையும் மாறிவிடும். "கடந்த காலத்தையே மாசுபடுத்தச் சொல்றீங்களா?" என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டார்.

மழையைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. "மழை இன்னும் தரப்படுத்தாத நீர். எங்கேருந்து கிளம்புதுன்னு தெரியாது. வரி கட்டினவன், கட்டாதவன் எல்லார் மேலயும் விழும். பொறுப்பில்லாத தண்ணி. இயற்கைன்னா சும்மா விட்டுட முடியுமா? அதையும் நாமதான் ஒரு அளவுக்குக் கொண்டுவரணும்."

"சார், என் வீட்டுக்காரி ரெண்டு தடவை படுத்துட்டா. மூணாவது தடவை தாங்க மாட்டா" என்றார் தராசுக்காரர். "உங்க மிஷினு கழிவைக் கழிச்சுட்டுக் காட்டுது. ஆனா கழிவு தண்ணியிலயேதான் சார் இருக்கு."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க."

"கழிவைக் கழிச்சுட்டு..."

"கழிவு கழிக்கப்பட்ட குடிநீர்." இயக்குநர் அதை வாய்க்குள் உருட்டிச் சுவைத்தார். உதவியாளரைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார். மூன்று வருடமாக விளம்பரக்காரர்கள் தலைகீழாக நின்றும் இப்படி ஒரு வரி கிடைக்கவில்லையாம். தராசுக்காரர் தான் சொன்னது அதில்லை என்றார். தன்னடக்கம் வேண்டாம் என்றார் இயக்குநர். பிறகு குவளையை எடுத்தார். அதில் நூல்போல ஏதோ மிதந்தது. விரலால் எடுத்து, கனிமம் என்று சொல்லி, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, முழுக் குவளையையும் மடமடவென்று குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

இவர் தனக்கு மட்டும் வேறு தண்ணீர் வைத்திருப்பார், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றுதான் தராசுக்காரர் நினைத்து வந்திருந்தார். அப்படி இல்லை. அந்த மனிதர் அதைத்தான் குடிக்கிறார், திருப்தியாகக் குடிக்கிறார். பொய் சொல்கிற தராசை ரிப்பேர் செய்துவிடலாம். இதை எங்கே கழற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அபராதம் எதுவும் போடவில்லை. அந்த வரியைக் கொடுத்ததற்கு நன்றியாக, அவருடைய ட்ரம்மை ஆணையமே நேரில் வந்து இலவசமாகச் சரிசெய்து தரும் என்று உத்தரவாயிற்று.

சனிக்கிழமை காலை வந்தார்கள். மாடியில் பந்தல் போட்டு, 'கழிவு கழிக்கப்பட்ட குடிநீர்' என்று துணியில் எழுதிக் கட்டினார்கள். தெருவில் நாலடி தோண்ட வராத ஆணையம், ஒரு ட்ரம்மைச் சரிசெய்ய லாரியில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்திருந்தது. தராசுக்காரர் மாடிப்படியில் குறுக்கே நின்று பார்த்தார். உட்காரச் சொல்லி ஒரு நாற்காலி போட்டார்கள். வாளியும் கையுமாக மேலே வந்தவர் சகலை. இயக்குநரே அவரைத் தேர்ந்தெடுத்தாராம், அனுபவசாலி என்று. சகலை யார் முகத்தையும் பார்க்கவில்லை. ட்ரம்மில் பாதி மழையை இறைத்துக் கொட்டிவிட்டு, குழாய்த் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார். மின்மூக்கு எழுபது காட்டியது. இன்னும் இறைத்தார், இன்னும் ஊற்றினார். நாற்பத்தைந்து. இருபது. ஒன்பது. மாடி நாறத் தொடங்கியது. ஆறு வாரமாகத் தெளிந்து கிடந்த தண்ணீர் டீக்கடைக் கழுநீர் நிறமானது. சகலையின் கண் கலங்கியது, நாற்றமாகவும் இருக்கலாம். இரண்டு. ஒன்று. சுழி. விளக்கு பச்சையானது. எல்லோரும் கைதட்டினார்கள்.

இயக்குநர் ஒரு டம்ளரை ட்ரம்மில் முக்கி எடுத்து, டீச்சரிடம் நீட்டினார். முதல் டம்ளரைப் பயனாளியே குடிக்க வேண்டும். புகைப்படக்காரர் தயாராக இருந்தார். டீச்சர் டம்ளரை வாங்கவில்லை. இயக்குநர் கையை நீட்டியபடியே இருந்தார். குடிக்க மறுத்தால் ஆணையத்தின் அளவை மறுத்ததாகும், அதற்கு வேறு சட்டம் இருக்கிறது என்று படைத்தலைவர் காதோரமாக நினைவூட்டினார்.

தராசுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். இயக்குநர் கையிலிருந்து டம்ளரை வாங்கி, அண்ணாந்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். கீழே வைக்கப்போனபோது, ஃப்ளாஷ் அடிக்கவில்லை, இன்னொரு தடவை என்றார் புகைப்படக்காரர். குடித்தார். இந்த முறை துணியில் இருக்கும் எழுத்து மறைகிறதாம், கொஞ்சம் தள்ளி நின்று இன்னொரு தடவை. அதையும் குடித்தார். டீச்சர் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று இயக்குநர் ஆவலாகக் கேட்டார்.

"நீங்க சொன்ன மாதிரிதான் சார் இருக்கு. எல்லாம் கழிஞ்சது."

அதையும் எழுதிக்கொண்டார்கள்.

ட்ரம் போனதற்கு டீச்சர் அழவில்லை. மழை வந்தபோதெல்லாம் மாடியில் ஏறிக் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்தார். ட்ரம்மைச் சோதிக்கத்தான் விதி இருந்தது, குடையைச் சோதிக்க இன்னும் விதி வரவில்லை. டீச்சருக்குக் குடைகூடப் பிடிக்கத் தெரியவில்லை என்று தெரு சிரித்தது. குடையில் சேர்ந்தது ஒரு ஆளுக்குத்தான் காணும். அவள் குடிக்கட்டும் என்று தராசுக்காரர் தனக்கு மழை பிடிக்காது என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து இருபத்தேழாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. முப்பதாம் நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. டீச்சர் அவரைக் கைத்தாங்கலாக அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் வயிற்றை அமுக்கினார், நகத்தைப் பார்த்தார், கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். நோய் மஞ்சள் காமாலை என்று தட்டினார். காரணம் என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டார்.

"தண்ணின்னு போட முடியலைங்க. உங்க தெரு சுழி காட்டுறதால அந்த வரியை எடுத்துட்டாங்க. இதைப் போடாம மருந்துச் சீட்டு வராது. புதுசா 'மழைநீர் பயன்பாடு'ன்னு ஒண்ணு வந்திருக்கு. அதைப் போட்டுக்கவா?"

தராசுக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணில் பாலைப்போல வெள்ளை. போட்டுக்கொள்ளுங்கள் என்று தலையசைத்தார். டாக்டர் ஒரு பொத்தானை அமுக்கினார். எங்கோ இருந்த ஒரு கணக்கில், மழையால் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலில் ஒரு எண் கூடியது. மருந்துச் சீட்டு மூலையில் இருந்த இயந்திரத்திலிருந்து வெளியே வந்தது.

டீச்சர் சீட்டை வாங்கவில்லை. சன்னல் வெளிச்சத்தில் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், உங்க கண்ணும் மஞ்சளாத்தானே இருக்கு. உங்களுக்கும் மழையா?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு மணியை அடித்து, அடுத்தவரை வரச் சொன்னார்.